மருதமுத்து வெட்டிய ரப்பர் வளையங்கள்

மருதமுத்துவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. ஆண்பிள்ளைக்குச் சந்துப் பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று மேட்டுத் தோட்டத்தில் எல்லோரும் நம்பினார்கள். அந்த அதிர்ஷ்டத்தின் விவரம் வருமாறு: ஐந்து வயதில் தாய் இறந்தாள். பத்து வயதில் கப்பலேறி வந்து இறங்கிய மறுமாதம் தகப்பன் மலேரியாவில் போனார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒன்பது பேர்தான் திரும்பினார்கள். அவர் அதில் ஒருவர்.

"சந்துப் பல்லுக்காரன்லா, சாவு உள்ள வந்துட்டு அந்தச் சந்து வழியாவே வெளிய போயிருச்சு" என்றார்கள் லயத்து வரிசை வீடுகளில். சயாமில் செத்துப்போனவர்களில் சந்துப் பல்லுக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் விசாரிக்கவில்லை. அதிர்ஷ்டத்தைப் பற்றி உயிரோடிருப்பவர்களிடம் மட்டுமே கேட்பது வழக்கம்.

மேட்டுத் தோட்டம், மலாக்காவில் புலாவ் செபாங் ரயில் நிலையத்திலிருந்து நாலு மைலில் இருந்த ரப்பர் தோட்டம். மருதமுத்துவுக்கு மெசின் கொட்டகையில் வேலை. உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கு நடுவே விட்டு, அப்பளம்போல் தகடாக்கிப் புகை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உருளை அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ரப்பர்மேல் அவருக்கு இருந்த மரியாதை குறையவில்லை. ஒழுகும் தகரக் கூரை, அறுந்த செருப்பு, கைப்பிடி ஆடும் மண்வெட்டி, மாரியம்மன் கோவில் உறுமியின் வார், எதுவாக இருந்தாலும் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி இழுத்துக் கட்டிவிடுவார். "சணல் அவுந்துரும், கம்பி துரு புடிக்கும், ரப்பரு விடாது" என்பது அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே தத்துவம். முப்பது வருஷமாக ரப்பர் அவரையும் விடவில்லை என்பதை அவர் தத்துவத்தில் சேர்க்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், ஜெயமணி. பிறந்து, பால் பல் விழுந்து, நிரந்தரப் பல் முளைத்தபோது, அப்பனின் சந்து அப்படியே மகள் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. இங்கேதான் சாஸ்திரம் திரும்பிக்கொண்டது. ஆணுக்கு அதிர்ஷ்டமான அதே சந்து, பெண்ணுக்கு வந்தால் வீட்டுச் செல்வம் அதன் வழியாக ஒழுகிப்போகும். சிலர் தாலியே நழுவும் என்றார்கள். ஒரே ஓட்டை, அப்பன் வாயில் வாசலாகவும் மகள் வாயில் பொத்தலாகவும் இருந்தது. ஜெயமணி எட்டு வயதிலிருந்தே கையால் வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். பதினைந்து வயதில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனதும் தலைத்துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வெட்டுக் கத்தியும் வாளியும் பிடித்த கையால் வாயைப் பொத்த முடியாதல்லவா?

ஐம்பத்தொன்றாம் வருஷம் வேலி வந்தது. வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்தான்; காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து தோட்டத்து ஜனங்களைக் காப்பாற்றுவதற்காக, சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் பெயர்த்து ஒரே மேட்டில் நட்டு, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு கேட் மூடினால் காலையில்தான் திறக்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது; அது காட்டுக்குப் போய்விடுமாம். கேட்டில் ஆண்களை ஆண் தடவிப் பார்ப்பான், பெண்களைப் பெண் தடவிப் பார்ப்பாள். காப்பாற்றப்படுகிறவர்கள் உள்ளே பூட்டப்பட்டும், ஆபத்தானவர்கள் வெளியே தாராளமாகவும் இருந்த அந்த ஏற்பாட்டின் நியாயத்தை மருதமுத்து யோசித்ததில்லை. அவர் யோசித்தது ஒன்றுதான். சயாமிலும் கம்பி இருந்தது. தன் மகளாவது கம்பிக்கு வெளியே ஒரு வீட்டில் வாழவேண்டும். தோட்டத்துப் பெண்ணுக்குக் கம்பிக்கு வெளியே போக ஒரே வழி கல்யாணம்.

ரப்பர் தகடுகளை ஏற்றிப்போகும் லாரி டிரைவர் பெரியதம்பி அந்த வழியைத் திறந்தான். அவசரகாலம் தோட்டத்துக்குச் செய்த ஒரே நன்மையை அவன் சரியாகப் பயன்படுத்திக்கொண்டான். அடையாள அட்டைக்காக நாட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோரையும் படம் பிடித்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்களில் பலருக்கு அதுதான் முதல் படம். அட்டையைக் கையை விட்டுக் கொடுக்க முடியாது. ஆனால் படக்காரன் கூடுதலாக ஒரு பிரதி விற்றிருந்தான். அந்தப் பிரதிகள்தான் அந்த நாளில் வரன் பார்க்கும் படங்களாக மலாக்கா முழுக்க லாரிகளில் சுற்றிவந்தன. போலீஸுக்காக எடுத்த படத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஜெயமணியும் வாயை மூடிக்கொண்டு, உலகத்தில் எந்தக் குறையும் இல்லாதவளாக இருந்தாள்.

"அலோர் காஜாவுல கவர்மெண்ட் ஆபீஸ் பியூன்" என்றான் பெரியதம்பி. "பேரு நல்லமுத்து. அப்பா அம்மா இல்ல, அக்கா ஒருத்தி, தங்கா பத்துங்கற ஊர்ல இருக்கா. பையன் படத்தப் பாத்துட்டுத் திருப்பியே தர மாட்டேங்கறான்லா அண்ணே. தை மாசம் வந்து பொண்ணப் பாக்கறாங்களாம்."

"குவாட்டர்ஸ் உண்டா?" என்று கேட்டார் மருதமுத்து.

"உண்டு."

"சுத்திக் கம்பி இருக்கா?"

"ஆபீஸ் குவாட்டர்ஸுக்கு என்னாத்துக்கு அண்ணே கம்பி? செம்பருத்திச் செடிதான் இருக்கு."

மருதமுத்து அன்று சோறு சாப்பிடவில்லை. சந்தோஷம் பாதி, மீதி, தை மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது என்ற பயம். படத்தில் மூடியிருந்த வாய், பெண் பார்க்கிற அன்று திறந்தாக வேண்டும்.

அவர் மனைவி கருப்பாயி தைரியசாலி. பெண் பார்க்கும் நாளில் மெழுகுவத்தியை உருக்கிச் சந்தில் அப்பிவிட்டால் போதும் என்றாள். ஒத்திகையும் பார்த்தார்கள். மெழுகு அழகாக உட்கார்ந்தது. ஜெயமணி ஒரு வாய் சூடான காப்பி குடித்ததும் அழகாக இளகி நாக்குக்கு வந்தது. "அன்னிக்கு மட்டும் பச்சத் தண்ணி குடிச்சிக்க" என்றாள் கருப்பாயி. மகள் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் டிரஸ்ஸரிடம் போனார்கள்.

டிரஸ்ஸர் ரங்கசாமிதான் தோட்டத்து ஆஸ்பத்திரி. இரண்டு கட்டில், வெள்ளை மருந்து ஒரு போத்தல், சிவப்பு மருந்து ஒரு போத்தல், தடியான ஓர் ஆங்கில வைத்தியப் புத்தகம். புத்தகத்தை உண்மையாகவே படித்திருந்தார் என்பதால், தோட்டத்தில் அவருக்கு மதிப்புக் குறைவு. எதைக் கேட்டாலும் முடியாது என்பார். ஜெயமணியை ஸ்டூலில் உட்காரவைத்து, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இங்க பாரு மருதமுத்து. ஒதட்டுக்குள்ளேருந்து ஈறுக்கு ஒரு சதை நார் எறங்குது பாத்தியா? இது எல்லாருக்கும் இருக்கறதுதான். உம் மவளுக்குத் தடிமனா, ரெண்டு பல்லுக்கும் நடுவுல வரைக்கும் வந்து நிக்குது. அது நடுவுல நின்னா பல்லு ரெண்டும் எப்படி ஒட்டும்?"

"எனக்கும் அப்படித்தானுங்களா ஐயா?"

"உனக்கும் அப்படித்தான். தாடையும் உன்னதுதான், அகலம். பல்லு கருப்பாயியோடது, சின்னது. பெரிய பலகையில ரெண்டு சின்னப் புள்ளைங்க உக்காந்தா நடுவுல எடம் கெடக்கத்தானே செய்யும்."

"அதானே பாத்தேன், எம் பல்லையும் இழுக்காம விடுவாங்களா" என்றாள் கருப்பாயி.

டிரஸ்ஸர் புத்தகத்தைப் புரட்டினார். "வெரல் சூப்பினாலும் முன்பல்லு விரியும். முழுங்கறப்போ நாக்கால பல்லத் தள்ளற பழக்கம் இருந்தாலும் விரியும். வயசானவங்களுக்கு ஈறு கெட்டா, சேந்திருந்த பல்லே வெலகிப்போவும். இவ வெரல் சூப்பினாளா?"

"நாலு வயசுல விட்டுட்டா" என்றாள் கருப்பாயி. "இவரு சயாமுக்குப் போனதுக்கு அப்பறம் மறுபடி ஆரம்பிச்சா. ஒம்போது வயசுப் புள்ள. வாயில வைக்கறதுக்கு வீட்டுல வேற என்ன இருந்துச்சு?"

பிறகு மருதமுத்து, "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாம இருக்கலாம். அதுதான் நல்லது. பல்லு ஆரோக்கியமா இருக்கு."

"அது வேணாங்க ஐயா."

"அலோர் காஜாவுல சீனன் பல்லுக் கடை இருக்கு. ரெண்டு பல்லையும் சுத்தி ராவிட்டுத் தங்கக் கூடு போட்டுருவான், சந்து மூடிரும்."

"கல்யாணமாகாத பொண்ணு தங்கப் பல்லோட நின்னா, பாக்க வர்றவங்க என்னான்னு நெனப்பாங்க?" என்றாள் கருப்பாயி. தங்கப் பல் அப்போது கங்காணிகளுக்கும் நாடகக்காரிகளுக்கும் உரியது.

"அப்போ இருக்கறது ஒண்ணுதான். பெரிய ஆஸ்பத்திரியில அந்த நாரை வெட்டணும். அப்பறம் பல்லு டாக்டர் ஒரு கம்பி மாட்டி, வருஷக்கணக்குல மெல்ல மெல்ல இழுக்கணும். சிங்கப்பூர்ல வெள்ளக்காரப் புள்ளைங்களுக்குப் போடறாங்க போலருக்கு, படம் இருக்கு பாரு. இங்க யாரு செய்வா? விட்டுரு மருதமுத்து."

மருதமுத்து படத்தை வெகுநேரம் பார்த்தார். பல்லின்மேல் மெல்லிய கம்பி ஓடியது. எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கட்டும் வேலை புரிந்தது. டிரஸ்ஸர் சொன்னதில் 'நார்', 'டாக்டர்', 'வருஷக்கணக்கு' என்ற சொற்கள் எல்லாம் காற்றோடு போயின. 'மெல்ல இழுக்கணும்' என்பது மட்டும் தங்கியது. இழுப்பதற்குப் போய் எவனாவது கம்பியைப் பயன்படுத்துவானா? வெள்ளைக்காரனுக்கு ரப்பர் வாங்கத்தான் தெரியும், அதைவைத்து என்ன செய்வது என்று தெரியாது.

சைக்கிள் சக்கரத்தின் வால்வுக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் உண்டு. வைக்கோலைவிடக் கொஞ்சம் தடிமன். புலாவ் செபாங்கில் சில காசுகளுக்குக் கிடைக்கும். மருதமுத்து சவரக்கத்தியால் அதைக் குறுக்கே சீவினார். நூல் கனத்தில் குட்டிக் குட்டி வளையங்கள் விழுந்தன. முதலில் தன் பல்லிலேயே ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ஒரு பகல் முழுக்க வைத்திருந்தார். அரிப்பதுபோல் இருந்தது, வலிக்கவில்லை.

"வாயத் தொற தாயி" என்றார் மகளிடம்.

"வலிக்குமாப்பா?"

"சயாமுல நான் பட்டதுல ஒரு பங்கு இல்ல."

"அதுல ஒரு பங்குன்னாலே எனக்கு ஜாஸ்திப்பா" என்று சிரித்தாள் ஜெயமணி, கையால் மூடிக்கொண்டு. பிறகு வாயைத் திறந்தாள். இரண்டு முன்பற்களையும் சேர்த்துச் சுற்றி வளையம் ஏறியது.

கெட்ட வைத்தியம் உடனே தோற்றுப்போனால் நல்லது. இது தோற்கவில்லை. பத்தே நாளில் நெல்மணி நுழைந்த இடத்தில் எள் நுழைவது கஷ்டமாயிற்று. இரண்டாவது வாரம் ஒரு காலை, வளையத்தைக் காணோம்.

"தூக்கத்துல முழுங்கிட்டேன் போலருக்குப்பா."

"பரவால்ல. ரப்பரு வயித்த ஒண்ணும் பண்ணாது." இன்னொன்று போட்டார். அதுவும் சில நாளில் காணாமல் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. பல்லின் அடியில், ஈறு ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்ததைக் கருப்பாயி பார்த்து, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள். நான்காவது வளையம் தேவைப்படவில்லை. கார்த்திகை முடிவதற்குள் பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நின்றன.

ஜெயமணி தலைத்துண்டின் முனையைக் கடிப்பதை விட்டாள். பால் காட்டில் அவள் பேசிச் சிரிக்கும் சத்தம் பக்கத்து மர நிரைக்குக் கேட்டது. "இத்தன வருஷம் இந்த வாய எங்கடி வெச்சிருந்த?" என்று கேட்டாளாம் அவளோடு வெட்டும் காளியம்மா. மேட்டுத் தோட்டத்தில் அந்த வருஷம் சந்தோஷமாக இருந்த ஆட்களின் பெயர்ப்பட்டியல் போட்டால் அது இரண்டு வரிக்குமேல் போகாது. அந்த இரண்டு வரியும் ஒரே வீட்டில் இருந்தன.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியதம்பியின் லாரியில் நல்லமுத்துவும் அவன் அக்கா கமலவேணியும் வந்து இறங்கினார்கள். கேட்டில் காவல்காரன் தாம்பாளத்திலிருந்த ஆரஞ்சுப் பழங்களை எண்ணி, குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்து உள்ளே விட்டான். குத்துப்பட்ட பழங்கள் தாம்பாளத்தில் அழுதுகொண்டே வந்தன.

ஜெயமணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கமலவேணி அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவள். எதையும் நேராகக் கேட்கிறவள்.

"போட்டோவுல என்னா இப்படி உம்முன்னு இருந்த? யாரும் அடிச்சாங்களா?"

"போலீஸ்காரங்க பக்கத்துல நின்னாங்கக்கா."

"எங்க, சிரி பாப்போம்."

ஜெயமணி சிரித்தாள். கை தன்னால் வாய்க்கு ஏறப் போயிற்று. பாதி வழியில் இறக்கிக்கொண்டாள்.

"பல்லு வரிசை அச்சுல ஊத்துன மாதிரி இருக்கு. டேய் நல்லமுத்து, இனி பல்லு வெளக்காம ஆபீசுக்குப் போயிராத, வீட்டுல ஆளு இருக்கு."

"எங்க அம்மா வழி" என்றாள் கருப்பாயி, கண்ணைச் சிமிட்டாமல்.

மருதமுத்து துண்டை வாயில் வைத்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் பல் வெளியே தெரிந்தால் வம்சாவளி தெரிந்துவிடும். "மாமா வாயே தொறக்க மாட்டேங்கறாரே?" என்று கமலவேணி கேட்டபோது, "அவருக்குப் பல்லு வலி" என்றாள் கருப்பாயி. மருதமுத்து தலையை ஆட்டினார். பின்னால் யோசித்துப் பார்த்தால், அன்று அந்த வீட்டில் பல்லில் வலி இருந்திருக்க வேண்டியவள் ஜெயமணிதான். ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

புறப்படும்போது நல்லமுத்து அவளிடம் பேசியது ஒரே வாக்கியம்: "குவாட்டர்ஸ்ல பைப்பு வீட்டுக்குள்ளயே இருக்குங்க." தெருக்குழாயில் வரிசை நிற்கிறவளுக்கு அதைவிடக் காதலாக எதையும் சொல்லிவிட முடியாது. வைகாசியில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

மாசியில் ஈறு வீங்கியது. அமுக்கினால் சீழ் வந்தது. பங்குனியில் முன்பற்கள் இரண்டும் மற்றப் பற்களைவிட நீளமாக இறங்கியிருந்தன; நாக்கால் தொட்டால் ஆடின. ஜெயமணி மூன்று வாரம் மறைத்தாள். மறுபடியும் தலைத்துண்டைக் கடிக்கப் பார்த்தாள், கடிக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்து பக்கவாட்டில் போட்டு விழுங்கினாள். ஒருநாள் கருப்பாயி பிடித்து வாயைத் திறக்கவைத்தாள். பிறகு மூவரும் டிரஸ்ஸரிடம் போனார்கள்.

ரங்கசாமி விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். ஈறின் உள்ளே இடுக்கியை விட்டு எதையோ பற்றி மெல்ல உருவினார். கறுப்பாக, சீழில் ஊறிய ஒரு ரப்பர் வளையம். வெள்ளைத் தட்டில் வைத்தார். மறுபடி இடுக்கியை விட்டார். இன்னொன்று. மறுபடியும். தட்டில் மூன்று வளையங்கள் கிடந்தன.

"முழுங்கிட்டதா சொன்னாளே" என்றார் மருதமுத்து.

டிரஸ்ஸர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போனவர்போல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிய தெரியற பல்லு அகலம். உள்ள போற வேரு கூம்பு. அகலமா ஒரு பக்கம், கூம்பா ஒரு பக்கம் இருக்கற குச்சியில ரப்பர் வளையம் போட்டா அது எந்தப் பக்கம் வழுக்கும்? நீயே சொல்லு."

முப்பது வருஷம் ரப்பரோடு வாழ்ந்த மனிதருக்கு இதற்கு விடை தெரியும். "கூம்புப் பக்கம்" என்றார், பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் பையனைப்போல.

"அதுதான் நடந்துச்சு. மேல ஏறி ஏறி, பல்லப் புடிச்சிருக்கற எலும்பையெல்லாம் தின்னுட்டே போயிருக்கு. இப்ப பல்லு ஈறுல தொங்குது, அவ்வளவுதான்."

எடுப்பதற்குக் குறடு தேவைப்படவில்லை. இரண்டும் விரலோடு வந்தன. புழு இல்லை, சொத்தை இல்லை, கறை இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத இரண்டு பற்கள். ஜெயமணி அழவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்குள்ள மொளைச்சிருமா ஐயா?" என்று கேட்டாள்.

"பால் பல்லு விழுந்தா மொளைக்கும் தாயி. இது அதுக்கு அடுத்தது. இதுக்கு அப்பறம் யாருக்கும் கெடையாது."

வீட்டுக்கு வந்ததும் கருப்பாயி அடுத்த திட்டத்தைச் சொன்னாள். சீனனிடம் தட்டுப் பல் கட்டிக்கொள்ளலாம், தாலி ஏறும்வரை யாரும் வாயைத் திறக்க வேண்டாம். ஆனால் திட்டத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே சோறுதான் போகக் கூடாது. செய்தி போகத் தடை இல்லை. ரப்பர் தகடுகளோடு அதுவும் லாரியில் ஏறியது. இருபது வயதுப் பெண்ணுக்கு முன்பற்கள் தானாக உதிர்ந்துவிட்டன என்று மேட்டுத் தோட்டத்தில் கிளம்பியது, அலோர் காஜா போய்ச் சேரும்போது, அவளுக்குப் பெரிய வியாதியாம், அடுத்து விரல்கள் உதிருமாம் என்று ஆகியிருந்தது. கமலவேணி ஆள் அனுப்பினாள்: மாமா ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போகட்டும்.

மருதமுத்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே கணக்கு ஓடியது. உண்மையைச் சொல்லாவிட்டால் மகள் வியாதிக்காரி. சொன்னால் தகப்பன் ஏமாற்றுக்காரன். வியாதிக்காரிக்கும் கல்யாணம் நடக்காது, ஏமாற்றுக்காரன் மகளுக்கும் நடக்காது. ஆனால் வியாதிக்காரியை உள்ளூரில் தண்ணீர் எடுக்கக்கூட விடமாட்டார்கள்.

குவாட்டர்ஸைச் சுற்றி உண்மையாகவே செம்பருத்திச் செடிதான் இருந்தது. தம்பி வீட்டுக்கு வந்திருந்த கமலவேணி உட்கார ஒரு வாங்குப் பலகை எடுத்துப் போட்டாள். நல்லமுத்து சுவரோரம் நின்றான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. அவ ஒடம்புக்கு என்னா?"

மருதமுத்து வாயிலிருந்த துண்டை எடுத்தார். மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். "இதுதாம்மா அவ வியாதி. எங்கிட்டேருந்து வந்தது." பிறகு வளையத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார், வால்வுக் குழாய், சவரக்கத்தி, மூன்று தடவை, டிரஸ்ஸர் தட்டு. சுருக்கிச் சொல்லத் தெரியாத மனிதர். எந்த வேலையையும் எப்படிச் செய்தார் என்று சொல்கிறபோது அவர் குரலில் வருகிற கவனம் அதிலும் வந்தது.

கமலவேணி அவருடைய பல்லையே பார்த்தாள்.

"அன்னிக்குப் பல்லு வலின்னாங்களே."

"வலி இல்லம்மா."

"சந்து இருக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா நாங்க என்னா சொல்லியிருப்போம்னு எனக்குத் தெரியல மாமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. இப்பயும் வேணாம்னுதான் சொல்லப் போறேன். பல்லுக்காக இல்ல. மூணு பேரு எங்க மொகத்தப் பாத்து, தாம்பாளத்துக்கு முன்னால உக்காந்து பொய் சொன்னீங்க. நாளைக்கு எதையெல்லாம் மறைப்பீங்கன்னு நான் பயந்துக்கிட்டே இருக்கணும். ஆனா ஒண்ணு. அப்பவே சொல்லியிருந்தா, கல்யாணம் இல்லாட்டியும் அவளுக்குப் பல்லாவது இருந்திருக்கும்."

மருதமுத்து எழுந்தார். நல்லமுத்து பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். ஏதோ சொல்ல வருவதுபோல் இரண்டு மூன்று தடவை தொண்டையைக் கனைத்தான். பஸ் வந்தது. "வெயில் ஏறுது மாமா, அந்தப் பக்கமா உக்காருங்க" என்றான். நல்ல பையன்தான். நல்ல பையன்களால் கல்யாணம் நிற்பதைத் தடுக்க முடியாது, பெண்ணின் பேர் கெடுவதையும் தடுக்க முடியாது.

வியாதி என்ற பேச்சு நின்றது. மருதமுத்து சொன்ன உண்மைக்கு அந்த ஒரு பலன் கிடைத்தது. அதற்குப் பதிலாக, வளையம் போட்ட அப்பன் என்ற கதை புலாவ் செபாங் தாண்டி எல்லாத் தோட்டத்துக்கும் போயிற்று. அதற்குப் பிறகு ஜெயமணியின் படத்தை லாரியில் எடுத்துப்போக யாரும் கேட்கவில்லை. சீனன் பல்லுக் கடையில் இரண்டு பல் வைத்த தட்டு ஒன்று செய்துகொடுத்தான். சந்தில்லாமல், அளவாக, யார் பார்த்தாலும் நிஜம் என்று நம்பும்படி இருந்தது. அவள் அதை ஒரு வாரம் போட்டாள். பிறகு போடவில்லை. வாய்க்குள் அது அசைகிறது என்றாள். மறுபடியும் தலைத்துண்டின் முனை உதட்டுக்கு வந்தது. இப்போது பல்லால் அல்ல, கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் பால் வெட்டினாள். நிரை முடிக்க நேரமானது. கங்காணி சத்தம் போட்டார். அவள் வெட்டினாள்.

மருதமுத்து மகளோடு அதிகம் பேசவில்லை. பேசினால் அவள் பதில் சொல்வாள். பதில் சொன்னால் வாய் திறக்கும். அவள் வாயைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் அவளைக் கேள்வியே கேட்கவில்லை. தகப்பன் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று ஜெயமணி நினைத்துக்கொண்டாள். அது தவறு என்று அவளிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம், ஐம்பத்து மூன்று செப்டம்பரில், மலாக்காவின் சில பகுதிகளில் அவசரகாலக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். மேட்டுத் தோட்டத்துக்கு அது கொஞ்ச காலம் கழித்து வந்தது. ஒரு சாயங்காலம் ஆறு மணி ஆகியும் கேட் மூடவில்லை. காவல்காரன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜனங்கள் முதலில் நம்பாமல் நின்றார்கள். பிறகு சோற்று மூட்டையோடும் பிள்ளைகளோடும், எங்கே என்று தெரியாமல், சும்மா வெளியே போய்விட்டு வந்தார்கள். கருப்பாயி காளியம்மாவோடு புலாவ் செபாங்குக்கே நடந்து போனாள்.

மருதமுத்து சைக்கிளை வெளியே எடுத்தார். துடைத்தார். பின் இருக்கைமேல் சாக்கை மடித்துப் போட்டார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக மகளைக் கேட்டார்.

"போயிட்டு வரலாமா தாயி? வேலி இல்ல."

ஜெயமணி வாசற்படியில் நின்று திறந்திருந்த கேட்டைப் பார்த்தாள். அந்த வழியாகப் பேசிச் சிரித்துப் போகிறவர்களைப் பார்த்தாள். தலைத்துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றாள் துணிக்குள்ளிருந்து.

அவர் போகவில்லை.